மரத்த காலுக்கு மாவுக்கட்டு

பெங்களூரு சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் இறங்கி பௌரிங் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தால், காலில் துணி சுற்றிய யாராவது எதிரே வருவார். கேட்டால் ‘சர்க்கரைப் புண்’ என்பார். புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பது சர்க்கரை மட்டுமல்ல, அவர் நடந்து வருவதும்தான்.

உணர்ச்சியுள்ள காலில் கல் குத்தினால் நொண்டுவோம். குத்திய இடத்துக்கு ஓய்வு கிடைத்துவிடும். சர்க்கரை நோயால் மரத்த காலுக்கு நொண்டத் தெரியாது. செருப்பு கழன்று விழுந்தாலும் அறியாத கால் அது. எந்தக் களிம்பைப் பூசினாலும் அடுத்த நூறு அடிக்குள் அதே இடம் மறுபடி நசுங்கும்.

இதற்கு வழி தொழுநோய் சிகிச்சையிலிருந்து வந்தது. உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்ட முன்னோடிகளில் ஒருவர் கொழும்பு அறுவை மருத்துவர் மில்ராய் பால். கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்த முறையைக் கையிலெடுத்தார். தொழுநோயாளியின் சதை தானாக அழுகுவதில்லை, உணர்வில்லாத காலை ஓயாத அழுத்தமே புண்ணாக்குகிறது என்று காட்டினார். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போக, கட்டும் கூடவே போனது. அங்கிருந்துதான் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு வந்தது.

எலும்பு முறிவுக்குப் போடுவதுபோல் பஞ்சை அடைத்துப் போடும் கட்டல்ல இது. பாதத்தின் ஒவ்வொரு குழிவிலும் படியும்படி, கையால் தடவித் தடவி உருவம் கொடுப்பார்கள். ஒரே புள்ளியில் இறங்கிய பாரத்தை முழு உள்ளங்காலும் கெண்டைக்காலும் பங்குபோட்டுக்கொள்ளும். முதல் கட்டை இரண்டு மூன்று நாளில் மாற்ற வேண்டும். வீக்கம் வடிந்தால் கட்டு தளர்ந்து கால் உராயும். பிறகு வாரம் ஒருமுறை போதும். ரத்த ஓட்டம் மிகவும் குறைந்த காலுக்கும், சீழ் பிடித்த புண்ணுக்கும் இது ஆகாது.

2001இல் பாத மருத்துவர் டேவிட் ஆம்ஸ்ட்ராங்கின் குழு வெளியிட்ட ஆய்வில், 12 வாரத்துக்குள் இந்தக் கட்டில் சுமார் 90 சதவீதப் புண்கள் ஆறின. கழற்றி மாட்டும் பூட்ஸில் 65 சதவீதம்தான். வீட்டில் நினைத்தபடி கழற்ற முடியாது என்பதே இதன் பெரிய பலம்.

இருந்தும் மருத்துவர்கள் பலர் இதைப் போடத் தயங்குகிறார்கள். பிசகினால் புதுப்புண் வந்துவிடும் என்ற பயம் நியாயமானது. படம் போட்டுப் பேசும் கருத்தரங்கில் அந்தப் பயம் தீராது. சிவாஜிநகரில் நான் ஒன்று கூட்டினால், மேடைக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரும் மாவுச் சுருள்களும் வைப்பேன். டாக்டர்களோடு, தினமும் புண் கட்டும் நர்ஸுகளையும் அழைப்பேன். ஒருவர் காலில் மற்றவர் கட்டுப் போட்டு, காய்ந்ததும் நடந்து பார்க்கட்டும். எங்கே அழுத்துகிறதென்று அவர்களால் சொல்ல முடியும். நோயாளியால் முடியாது.