டிஸ்டில்லரிக்கு எப்போது போகலாம்?

விஸ்கி எப்படி உருவாகிறது என்று நேரில் பார்க்க ஆசைப்படும் மதுரைக்காரர்கள் பெரும்பாலும் மே லீவையோ தீபாவளியை ஒட்டி வரும் நாட்களையோதான் குறித்துவைப்பார்கள். மற்ற ஊர்களுக்குப் போக அது சரி. டிஸ்டில்லரிக்குப் போக லீவுக் கணக்கு உதவாது. அங்கே என்றைக்கு அடுப்பு எரியும், எந்தப் பருவத்தில் பீப்பாய்க்குள் வேலை மும்முரமாக நடக்கும் என்று பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு இட்லியே போதும்.

இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறுவதுபோல, விஸ்கிக்கு பார்லி ஊறும். ஆனால் பார்லியை ஊறவைத்ததோடு விடுவதில்லை. சில நாட்கள் முளைகட்டவிட்டு, முளை வளர்ந்து சத்தைத் தின்றுவிடும் முன் அனலில் உலர்த்திவிடுவார்கள். மால்ட் என்பது இதுதான். முளைவிடும்போது சுரக்கும் நொதிகள்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. மால்ட்டை உடைத்து, சுமார் 64 டிகிரி சூட்டில் வெந்நீர் விட்டுக் கலக்கினால் தித்திப்பான சாறு இறங்கும்.

அடுத்தது புளிப்பு. சித்திரையில் மதுரையில் ராத்திரி கரைத்துவைத்த மாவு, விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழிந்துகிடக்கும். மார்கழியில் அதே மாவு காலை எட்டு மணிக்கும் அசையாது. அடுப்போரம் நகர்த்திவைத்துக் காத்திருக்க வேண்டும். டிஸ்டில்லரியில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. சாற்றை 20 டிகிரி அளவுக்கு ஆறவைத்த பிறகே ஈஸ்ட் சேர்க்கிறார்கள். இரண்டு மூன்று நாள் தொட்டிக்குள் பொங்கும். நுரை வழியாமல் வெட்டிவிட, மேலே ஒரு தகடு சுழன்றுகொண்டே இருக்கும். நம் மாவை உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துப் புளிப்பையும் காற்றையும் தருகின்றன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலைத் தருகிறது. தொட்டியில் கடைசியில் நிற்பது எட்டு சதவீத ஆல்கஹால் உள்ள, பீர் மாதிரியான திரவம்.

இனி இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாக நிற்கும். கொஞ்சம் சாய்த்தால் எல்லாம் ஓடி ஒன்றுசேர்ந்து விளிம்பில் சொட்டும். அது இட்லி மேல் விழக்கூடாது என்று நாம் மூடியைப் பதமாக எடுக்கிறோம். டிஸ்டில்லரிக்கு அந்தச் சொட்டுதான் எல்லாமே. ஆல்கஹால் சுமார் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீருக்கு 100 வேண்டும். அதனால் செம்புக் கொப்பரையில் காய்ச்சும்போது ஆவியில் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஏறுகிறது. அதைக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். இரண்டு தடவை காய்ச்சினால் 70 சதவீதம் வரை போகும். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் ஓடுவதை மட்டும் எடுப்பார்கள். எந்த நொடியில் குழாயை மாற்றுவது என்பதில்தான் காய்ச்சுபவரின் திறமை தெரியும். பார்க்க வேண்டியது அந்த நொடியை. சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் இறக்குவதும் இதே வழியில்தான்.

ஆவியைச் சொட்டாக்கக் குளிர்ந்த நீர் வேண்டும். ஸ்காட்லாந்தில் கோடையில் ஓடைகள் மெலியும், ஆட்கள் அறுவடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அந்தக் காலத்தில் காய்ச்சுவதையே நிறுத்திவைத்தார்கள். இன்றும் பல டிஸ்டில்லரிகள் பராமரிப்புக்காக நிறுத்துவது ஜூலை, ஆகஸ்டில்தான். அப்போது போனால் ஆறிக்கிடக்கும் கொப்பரையோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பலாம். ஏப்ரல் கடைசி, மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது.

காய்ச்சியதற்குப் பிறகு நடப்பதற்கு இட்லியில் ஒப்பு இல்லை. வடித்த சாராயம் ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கிறது. வெப்பம் ஏறும்போது விரிந்து மரத்துக்குள் புகுந்து, இறங்கும்போது நிறத்தோடும் மணத்தோடும் திரும்புகிறது. ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகிப் போனால், பெங்களூரில் பத்து சதவீதத்துக்கு மேல் போகிறது. பெங்களூரில் 1948இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகப்படுத்தியபோது, வெக்கை நாட்டில் நல்ல விஸ்கி விளையாது என்ற எண்ணத்தை எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. நாலைந்து வருடத்திலேயே அதன் பீப்பாய் முதிர்ந்துவிடுகிறது. நம் வெயிலைக் குறையாகவே பேசிப் பழகிய நாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே பெங்களூருக்குப் போக என் தேர்வு பங்குனி, சித்திரை. கிடங்கில் ஆவியாகும் மணம் மூக்கைத் துளைக்கும் பருவம் அது. மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் மதுரை வெயிலோடு பார்த்தால் தாங்கக்கூடியதுதான். கோவாவில் குன்கோலிமில் இருக்கும் பால் ஜான் டிஸ்டில்லரியில் பார்வையாளர் மையமே உண்டு. டிசம்பர் கூட்டத்தையும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான அடைமழையையும் தவிர்த்துவிட்டு பிப்ரவரியில் போங்கள்.

மதுரைப் பக்கம் டாஸ்மாக்கில் விஸ்கி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை கரும்பாலை மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தை வைத்துத் தயாராகின்றன. மால்ட்டைப் பார்க்க மாநில எல்லையைத் தாண்டத்தான் வேண்டும். கிளம்பும் முன் போன் செய்து, பார்க்க அனுமதி உண்டா, அன்றைக்குக் கொப்பரை ஓடுமா என்று இரண்டையும் கேளுங்கள். ஞாயிறு, அக்டோபர் 2, ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வேண்டாம். வேலை நாள் காலைதான் சரி. ருசி பார்க்கும் எண்ணம் இருந்தால் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸில் ராத்திரி மதுரையில் ஏறினால் காலையில் பெங்களூரு.