சூளையை இயக்கும் டிரைவர்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் சூளையில் வேகின்றன. சுடும்போது கவனம் பிசகக் கூடாத இடம் 573 டிகிரி செல்சியஸ். கலவையிலுள்ள குவார்ட்ஸின் படிக அமைப்பு அங்கே மாறிச் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டால் விரிசல்தான்.

மின்சூளை ஒன்றின் இந்தப் பொறுப்பைச் சின்ன லினக்ஸ் கணினியிடம் கொடுப்போம். சூட்டை உணரும் தெர்மோகப்பிளைப் படிக்க எம்சிபி9600 சில்லு. ஹீட்டர்களின் ரிலேக்களைப் போடவும் அணைக்கவும் எம்சிபி23017. இரண்டும் ஐ2சி என்ற ஒரே ஜோடிக் கம்பியில் தொங்குகின்றன. சில்லுகளுக்குள் இருக்கும் பதிவகங்கள் என்ற சிறு சேமிப்பிடங்களைப் படிப்பதும் அவற்றில் எழுதுவதும் டிரைவர் என்னும் நிரலின் வேலை.

எம்சிபி23017இன் ஒரு பதிவகத்தில் 8 பிட்; பிட்டுக்கு ஒரு ரிலே. ஒரு ரிலேயை மட்டும் மாற்ற, மற்ற ஏழும் கெடாதபடி முதலில் படித்து, அந்த ஒரு பிட்டைத் திருத்தி, திரும்ப எழுத வேண்டும். படிக்க 4 பைட், எழுத 3 பைட் கம்பியில் போகும். பைட்டுக்கு 9 துடிப்பு. நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பு ஓடும் கம்பியில் இதற்குச் சுமார் 0.63 மில்லி நொடி ஆகிறது. பாதிக்கு மேல் படிப்பதற்கே போகிறது. அங்கே கடைசியாக எழுதியதே டிரைவர்தான்! எழுதியதன் நகலைக் கணினியின் நினைவகத்தில் வைத்திருந்தால் படிக்கவே வேண்டாம். பிட் மாறவில்லை என்றால் எழுதவும் வேண்டாம். அந்த நேரத்தில் கம்பி வெப்ப அளவைக் கொண்டுவரலாம்.

2011இல் வந்த லினக்ஸ் 3.1இல் பதிவகங்களைக் கையாள மார்க் பிரவுன் உருவாக்கிய ரெக்மேப் என்ற பொது நிரல் சேர்ந்தது; அடுத்த பதிப்பில் நகல் வசதியும் வந்தது. இன்று இதை யாரும் புதிதாக எழுத வேண்டியதில்லை.

ஆபத்து வேறிடத்தில். வெப்ப அளவுப் பதிவகத்தைச் சில்லுதான் மாற்றுகிறது. அதற்கும் நகல் வைத்தால், சூளை 900 டிகிரியைத் தாண்டிய பிறகும் டிரைவர் 560 என்றே சொல்லும். ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். இத்தகையவற்றை ரெக்மேப்பில் ‘வோலடைல்’ என்று குறித்தாக வேண்டும். படித்த மாத்திரத்தில் தன் நிலையை இழக்கும் பதிவகங்களும் உண்டு. இன்னொன்று மின்தடை: எம்சிபி23017க்கு மட்டும் மின்சாரம் போய் வந்தால் அதன் முனைகள் எல்லாம் உள்ளீடாகிவிடும், நகலோ பழையதையே சொல்லும். உடனே நகல் முழுவதையும் சில்லில் மறுபடி எழுத வேண்டும்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களே, இப்படி ஒன்றைச் செய்ய முனைந்தால், முதலில் சில்லின் விவரத்தாளைத் திறந்து, தானாக மாறும் பதிவகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் முடியும்வரை நகல் வசதியை அணைத்தே வையுங்கள்.