சாயத்தை உடைக்கும் படிகம்... உப்பை என்ன செய்யும்?

‘ஒரு தூளைப் போட்டால் சாயக்கழிவு சுத்தமாகிவிடுமாமே, உண்மையா?’ என்று விவசாயிகள் சிலர் கேட்கிறார்கள். பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ளாமல் தூள் வாங்கினால் பணம்தான் விரயம்.

திருப்பூர் சாயம் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். திருப்பூரைக் கடந்துவரும் நொய்யல், கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் கல்லணை வழியாக நம் வயலுக்கு வருகிறது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர்த் தேக்கமாகவே மாறிப்போனது. ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தியதால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம்.

படிகம் எப்படி வேலை செய்கிறது?

கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தவை இந்தப் படிகங்கள். சியோலைட் ஒரு வகை. உலோகத்தையும் கரிமப் பொருளையும் கோத்துச் செய்வது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்காக கிடகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவருக்கும் 2025-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரும்பு பதித்த படிகத்துடன் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால், சாயத்தைச் சிதைக்கும் வீரியமான துகள்கள் உருவாகும். முழுமையாக நடந்தால் சாயத்தின் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாறும். பூச்சிக்கொல்லி எச்சத்தையும் இப்படி உடைக்கலாம். படிகத்தை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால், பாதியில் நின்றால் உடைந்த துண்டுகளே நஞ்சாகலாம். ஆகவே, இது ஆலைத் தொட்டியில் கண்காணிப்போடு செய்யவேண்டிய வேலை. வாய்க்காலில் தூவுவது அல்ல.

நிறம் போனாலும் உப்பு போகாது

சாயம் துணியில் ஏற, உப்பு ஏராளமாகச் சேர்க்கிறார்கள். அதை எந்தப் படிகமும் உடைக்காது. தண்ணீர் பளிங்குபோல இருக்கும், பயிர் கருகும். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ., ஆவியாக்கும் கலன் எல்லாம் வேண்டும்.

இறால் குட்டையில் போடும் சியோலைட் தூள், அம்மோனியாவைப் பிடித்துவைக்கத்தான். அது சாயத்தை உடைக்காது.

நீங்கள் செய்யவேண்டியது

போர் தண்ணீரில் சந்தேகம் இருந்தால், மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்துத்திறன் (ஈ.சி.) 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பி நெல் வைக்காதீர்கள். மண்ணின் ஈ.சி. 3-ஐத் தாண்டினாலே நெல் மகசூல் குறையத் தொடங்கும்.

இந்தப் பரிசோதனையில் சாயமும் பூச்சிக்கொல்லியும் தெரியாது. நிறமோ, நுரையோ, வாடையோ இருந்தால், தேதி, இடம் குறிப்பிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிவையுங்கள். நொய்யல் விவசாயிகளைக் காப்பாற்றியது தூள் அல்ல. இப்படிச் சேர்த்துவைத்த காகிதங்கள்தான்.