சுவராக நிற்கும் மனிதன்

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை ஆராய்ந்து ‘மதங்கசூளாமணி’ எழுதினார். 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. கல்முனைக் கரையிலிருந்து சேக்ஸ்பியரைப் பேச இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டாம். அந்தத் துணிவில், இன்பியல் நாடகத்தின் அருமையான பொறி ஒன்றைக் கழற்றிப் பார்ப்போம்: நாடகத்துக்குள் நாடகம்.

‘நடுவேனில் இரவுக் கனவு’ 1600இல் அச்சேறியது. ஏதென்ஸ் அரண்மனைத் திருமணத்தில் ஆறு தொழிலாளர்கள் நாடகம் போடுகிறார்கள். தச்சர், தளபாடம் செய்பவர், தையற்காரர், துருத்தி திருத்துபவர், பாத்திரம் ஒட்டுபவர் என்று ஐவர். கதாநாயகன் வேடம் கட்டுபவர் பாட்டம் என்ற நெசவாளி. தறிச் சத்தத்தோடு வளர்ந்த மருதமுனைக்காரருக்கு அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

பிரமஸ், திஸ்பி என்ற அடுத்த வீட்டுக் காதலர் சுவர் வெடிப்பு வழியாகப் பேசி, ஒரு சிங்கத்தால் வந்த தவறான எண்ணத்தில் இருவருமே உயிரை விடும் கதை அது. சுவருக்கு எங்கே போவது? பாத்திரம் ஒட்டுபவர் சுண்ணாம்புச் சாந்தோடு வந்து, ‘நான்தான் சுவர்’ என்று சபைக்குச் சொல்லி நிற்கிறார். அவர் விரித்த விரல்கள்தான் வெடிப்பு. காதலர் அதன் வழியே முத்தமிடப் பார்க்கிறார்கள். தையற்காரர் விளக்கும் முட்செடியும் நாயுமாக நிலவாகிறார். சிங்கமோ, பெண்கள் பயப்படக் கூடாதென்று தன் பெயரை அறிவித்துவிட்டே கர்ச்சிக்கிறது. அரசன் தன் பெயரைத் தானே பாடிக்கொண்டு களரிக்கு வரும் மட்டக்களப்புக் கூத்தைப் பார்த்தவர்கள் இதில் குறை காண மாட்டார்கள். என் மனமும் அந்தச் சுவரின் பக்கம்தான்.

ஏதென்ஸ் பிரபுக்கள் சிரிக்கிறார்கள். பொறியின் அச்சாணி அந்தச் சிரிப்பு. மேடையிலேயே ஒரு சபை இருந்து பார்க்கிறது. அந்தச் சபையை நாம் பார்க்கிறோம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சொதப்பலான ஒரு சோக நாடகம் மட்டுமே. சபையில் இருக்கும் ஹெர்மியா யார்? தகப்பன் சொன்னவனைக் கட்டாவிட்டால் மரணம் அல்லது கன்னிமடம் என்று சட்டம் மிரட்ட, காதலனோடு காட்டுக்கு ஓடியவள். பிரமஸின் முடிவு அவர்களுக்கே வந்திருக்கும். அது நமக்குத் தெரிகிறது, அவர்களுக்கு உறைக்கவில்லை.

இதே பொறியை 7ஆம் நூற்றாண்டிலேயே மன்னர் ஹர்ஷர் ‘பிரியதர்சிகா’ என்ற வடமொழி நாடகத்தில் ஓட்டியிருக்கிறார். அரசி வாசவதத்தை தன் பழைய காதல் கதையையே நாடகமாக்கிப் பார்க்கிறாள். அதில் அவளாக நடிப்பவள் பணிப்பெண் ஆரண்யிகை. அரசியின் கணவனான உதயணன் வேடம் ஒரு தோழிக்கு உரியது. அவளுக்குப் பதிலாக உதயணனே கள்ளமாய் மேடையேறிவிடுகிறான். ஆரண்யிகைமேல் அவனுக்குக் காதல். நடிப்பென்று அரசி பார்த்திருப்பது உண்மை. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட விதூஷகன் உளறிவிட, எல்லாம் வெளிச்சமாகிறது. சேக்ஸ்பியரின் சபைக்கு உறைக்கவே இல்லை. ஹர்ஷரின் சபை கண்டுபிடித்துவிடுகிறது.

சேக்ஸ்பியரின் காட்சியை மேடையேற்றுவோருக்கு ஒரு சிக்கல் உண்டு. உள்நாடகத்தைப் பார்க்கும் பிரபுக்கள் முதுகைக் காட்டி இருந்தால் அவர்கள் முகம் நமக்குத் தெரியாது. நம்மைப் பார்த்து இருந்தால் உள்நாடகம் மறையும். நான்கு புறமும் சனம் சூழும் வட்டக்களரியில் அந்தத் தொல்லை குறைவு. எதிர்ப்புறத்தார் முகம் எப்போதும் கண்ணில் படும். பிரபுக்களை அவர்கள் நடுவிலேயே இருத்திவிடலாம். கல்முனைப் பாடசாலை ஏதாவது இந்தக் காட்சியைப் போட நினைத்தால், மண்டப மேடையை விட்டு முற்றத்துக்கு வரட்டும்.