மாட்டின் தாடையில் கல் போன்ற வீக்கமா?

மாட்டின் கன்னத்தில் புடைப்புத் தெரிந்தால், தொட்டியில் இடித்துக் கொண்டிருக்கும் என்று எண்ணி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது வழக்கம். இடித்த வீக்கமானால் சில நாட்களில் வற்றிவிடும். வற்றாமல், கல்போல் இறுகி, விரலால் தள்ளினாலும் அசையாமல் எலும்போடு ஒட்டி நின்றால் அது தாடைக்கழலை நோயாக இருக்கலாம். (தாடைக்குக் கீழே மெத்தென்று, அழுத்தினால் குழி விழும் வீக்கம் வேறு. அது பெரும்பாலும் ஈரல் புழு, குடற்புழுக்களால் வருவது.)

ஆக்டினோமைசிஸ் போவிஸ் என்னும் பாக்டீரியாவே இந்நோய்க்குக் காரணம். 1877ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பொல்லிங்கர் என்பவர் இதைப் பற்றி எழுதினார். நல்ல மாட்டின் வாயிலும் இக்கிருமி உண்டு. முள்ளோ முரட்டுத் தட்டையோ ஈற்றில் குத்தினாலும், பல் விழுந்து முளைக்கும் பருவத்திலும், அந்தப் புண் வழியே தாடை எலும்புக்குள் இறங்கிவிடுகிறது.

உள்ளே கிருமி எலும்பை அரிக்க அரிக்க, உடல் தன்னைக் காத்துக்கொள்ள வெளிப்புறத்தில் புது எலும்பை வளர்க்கிறது. இதனால் தாடை பருத்துவிடும், பலமோ இராது. அறுத்துப் பார்த்தால் தேன்கூடு போல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். பல் ஆடும், மாடு மெல்ல முடியாமல் இளைக்கும். பின்னர் கட்டி உடைந்து சீழ் வடியும். அச்சீழை விரலிடையே தேய்த்தால் மணல்போல் மஞ்சள் துகள்கள் நெருடும்.

"இத்தனை ஊசி போட்டும் கட்டி கரையவில்லையே" என்று பலர் என்னிடம் குறைப்படுவதுண்டு. மருத்துவரை நோவதில் பயனில்லை. சோடியம் அயோடைடு மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தியும், பல நாட்கள் பெனிசிலின் போன்ற மருந்துகள் கொடுத்தும் நோய் பரவுவதை நிறுத்தலாம்; உருமாறிய எலும்பு பழையபடி ஆகாது. எனவே கட்டி நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சூடு போடுவதும் கத்தியால் கீறுவதும் கூடாது.

மாடு சினையாக இருந்தால் முன்னரே மருத்துவரிடம் கூறுங்கள். அயோடைடு கொடுத்தபின் கண்ணில் நீர் வடிந்தாலோ, தோலில் பொடுகு உதிர்ந்தாலோ உடனே தெரிவியுங்கள். பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது கோமாரி போல் மாட்டுக்கு மாடு தாவுவதில்லை. ஆயினும் சீழ் வடியும் மாட்டைத் தனியே கட்டித் தீவனம் வையுங்கள். முரட்டுத் தட்டையை நறுக்கி, நீர் தெளித்துப் பதமாக்கியபின் போடுங்கள்.