மீள்கட்டமைப்புக் காலம் (ஐக்கிய அமெரிக்கா)

மீள்கட்டமைப்புக் காலம் என்பது ஐக்கிய அமெரிக்க வரலாற்றில், உள்நாட்டுப் போர் (1861 - 1865) முடிவுற்றதிலிருந்து 1877 வரையுள்ள காலப்பகுதியைக் குறிக்கும். விடுதலை அறிவிப்பு வெளியான 1863 ஆம் ஆண்டையே இதன் தொடக்கமாகக் கொள்ளும் வரலாற்றாளர்களும் உளர். பிரிந்துசென்ற 11 தென் மாநிலங்களை மீண்டும் ஒன்றியத்தில் இணைப்பதும், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஏறத்தாழ 40 இலட்சம் மக்களின் உரிமைகளை வரையறுப்பதும் இக்காலத்தின் இரு முதன்மைச் சிக்கல்களாக இருந்தன. முதலாவது சில ஆண்டுகளில் நிறைவேறியது. இரண்டாவது சட்டத்தில் எழுதப்பட்டது. ஆயினும் அச்சட்டம் தென் மாநிலங்களில் முழுமையாக நடைமுறைக்கு வர மேலும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

பின்னணி

உள்நாட்டுப் போரில் 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறந்தனர். தென் மாநிலங்களில் நகரங்களும் தொடர்வண்டிப் பாதைகளும் பெருமளவு அழிந்தன. 1863 சனவரி 1 அன்று குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட விடுதலை அறிவிப்பு, கிளர்ச்சியில் ஈடுபட்ட பகுதிகளில் வாழ்ந்த அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என அறிவித்தது. இதன் பின்னர் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் சேர்ந்து போரிட்டனர். நாட்டுக்காகப் போரிட்டவர்களுக்கு அந்நாட்டின் குடியுரிமையை மறுக்க இயலுமா என்ற வினா, போர் முடியும் முன்னரே எழுந்துவிட்டது.

சான்சனின் கொள்கை (1865 - 1866)

1865 ஏப்ரல் 14 அன்று சுடப்பட்ட லிங்கன் மறுநாள் இறந்தார். துணைத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ சான்சன் பதவியேற்றார். தென் மாநிலமான டென்னசியைச் சேர்ந்த இவர் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர். எனினும் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை வழங்குவதை எதிர்த்தார். முன்னாள் கிளர்ச்சியாளர்கள் பலருக்குப் பொதுமன்னிப்பு அளித்த அவர், வெள்ளையர் மட்டுமே வாக்களித்து அமைத்த மாநில அரசுகளையும் ஏற்றுக்கொண்டார்.

இவ்வரசுகள் 1865 இன் இறுதியிலிருந்து "கறுப்பர் சட்டங்கள்" எனப்படும் விதிகளை இயற்றின. எடுத்துக்காட்டாக மிசிசிப்பியில், ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் வேலை ஒப்பந்தச் சான்றைக் காட்ட இயலாத கறுப்பினத்தவர் நாடோடி எனத் தண்டிக்கப்படலாம். தண்டத்தொகையைச் செலுத்த முடியாதவர், அதனைச் செலுத்தும் வெள்ளையரிடம் கூலியின்றி உழைக்க அனுப்பப்படுவார். அடிமைமுறை பெயரளவில் ஒழிந்து, நடைமுறையில் தொடரும் என்பதை இச்சட்டங்கள் வடபகுதி மக்களுக்கு உணர்த்தின.

காங்கிரசின் மீள்கட்டமைப்பு

குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட காங்கிரசு 1866 ஏப்ரலில் குடிசார் உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது. சான்சன் தமது தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி இதனை மறுத்தார். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் அம்மறுப்பைத் தள்ளுபடி செய்தன. அதே ஆண்டு மெம்பிசிலும் நியூ ஓர்லியன்சிலும் கறுப்பினத்தவர் மீது நடந்த படுகொலைகள் வடபகுதியின் மனநிலையை மேலும் மாற்றின.

1867 மார்ச்சில் இயற்றப்பட்ட மீள்கட்டமைப்புச் சட்டம், ஏற்கெனவே ஒன்றியத்தில் மீளிணைந்திருந்த டென்னசி தவிர்ந்த 10 மாநிலங்களை 5 படைத்துறை மாவட்டங்களாகப் பிரித்தது. கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை அளித்து, புதிய மாநில அரசியலமைப்பை வகுத்து, 14 ஆவது திருத்தத்தையும் ஏற்ற பின்னரே ஒரு மாநிலம் காங்கிரசில் இடம்பெற முடியும் என விதிக்கப்பட்டது. 1870 இற்குள் அனைத்து மாநிலங்களும் மீண்டும் இணைந்தன. இதற்கிடையே 1868 இல் சான்சன் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவரப்பட்டது. செனட்டில் 35 பேர் அவர் குற்றவாளி எனவும், 19 பேர் அல்லர் எனவும் வாக்களித்தனர்; தேவையான எண்ணிக்கைக்கு ஒரு வாக்குக் குறைந்தமையால் அவர் பதவியில் நீடித்தார்.

மூன்று அரசியலமைப்புத் திருத்தங்கள்

இக்காலத்தின் நிலைத்த விளைவுகளாகக் கருதப்படுபவை பின்வரும் மூன்று திருத்தங்களாகும்.

- 13 ஆவது திருத்தம் (1865): அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழித்தது. குற்றத்திற்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பு விதிக்கப்படுவதற்கு மட்டும் விலக்கு அளித்தது. பிற்காலத்தில் தென் மாநிலங்கள் கைதிகளைத் தனியாருக்கு வாடகைக்கு விட இவ்விலக்கையே பயன்படுத்தின.
- 14 ஆவது திருத்தம் (1868): ஐக்கிய அமெரிக்காவில் பிறந்து அதன் ஆட்சி வரம்புக்கு உட்பட்ட அனைவரும் அந்நாட்டின் குடிமக்கள் என வரையறுத்தது. எந்த மாநிலமும் முறையான சட்ட நடவடிக்கையின்றி ஒருவரின் உயிரையோ உரிமையையோ உடைமையையோ பறிக்கலாகாது எனவும், சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கலாகாது எனவும் விதித்தது.
- 15 ஆவது திருத்தம் (1870): இனம், நிறம், முன்னைய அடிமைநிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுப்பதைத் தடை செய்தது.

மூன்றாவது திருத்தம், வாக்குரிமையை மறுக்கக் கூடாத காரணங்களைக் கூறியதே அன்றி, அனைவருக்கும் வாக்குரிமை உண்டு எனக் கூறவில்லை. எழுத்தறிவு, வரி, சொத்து ஆகிய நிபந்தனைகளை அது தடுக்கவில்லை. பெண்களும் விடுபட்டனர்; இதனால் பெண்கள் வாக்குரிமை இயக்கம் இரண்டாகப் பிளந்தது.

புதிய மாநில அரசுகள்

புதிய வாக்காளர்களின் ஆதரவுடன் தென் மாநிலங்களில் குடியரசுக் கட்சி அரசுகள் அமைந்தன. 1870 இல் மிசிசிப்பியின் ஐரம் ரெவல்சு செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினரானார். அதே ஆண்டு, அடிமையாகப் பிறந்த தென் கரோலினாவின் யோசப் ரெயினி பிரதிநிதிகள் அவையில் இடம்பெற்றார். இக்காலத்தில் 16 கறுப்பினத்தவர் காங்கிரசு உறுப்பினர்களாக இருந்தனர். அமைதி நீதிபதி முதல் மாநில ஆளுநர் வரையான பதவிகளை ஏறத்தாழ 2,000 பேர் வகித்தனர்.

இவ்வரசுகளின் முதன்மைச் சாதனை பொதுக் கல்வியாகும். போருக்கு முன்னர் பல தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்தது. இப்பொழுது, வெள்ளையர், கறுப்பினத்தவர் ஆகிய இரு பிரிவினருக்கும் வரிப்பணத்தில் இயங்கும் பள்ளிகள் தோன்றின. 1865 முதல் 1872 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் பணியகம் என்னும் நடுவண் அமைப்பும் இதில் பெரும்பங்கு ஆற்றியது. ஃபிசுக் (1866), ஓவர்டு (1867) ஆகிய பல்கலைக்கழகங்கள் இக்காலத்தில் நிறுவப்பட்டவை.

நிலமும் உழைப்பும்

விடுதலை பெற்ற மக்கள் முதன்மையாகக் கோரியது நிலம். 1865 சனவரியில் படைத்தலைவர் வில்லியம் செர்மன், தென் கரோலினா முதல் புளோரிடா வரையான கரையோர நிலங்களைக் குடும்பத்திற்கு 40 ஏக்கர் வரை பிரித்தளிக்க ஆணையிட்டார். ஏறத்தாழ 40,000 பேர் அங்கு குடியேறிப் பயிரிட்டனர். ஆனால் அதே ஆண்டின் இறுதிக்குள் சான்சன் நிலத்தை முன்னாள் உடைமையாளர்களுக்கே திருப்பியளிக்க உத்தரவிட்டார்; குடியேறியோரில் பெரும்பாலானோர் வெளியேற்றப்பட்டனர்.

நிலமற்றோர் வாரச் சாகுபடியில் ஈடுபட்டனர். நிலக்கிழார் நிலமும் விதையும் கருவிகளும் தருவார்; உழவர் விளைச்சலில் ஒரு பங்கை, பெரும்பாலும் பாதியை, அவருக்கு அளிப்பார். உணவுக்கும் உடைக்கும் கடைக்காரரிடம் பெற்ற கடனுக்கு எஞ்சிய விளைச்சலே பிணையாகும். பருத்தி விலை வீழ்ந்தபோது கடன் அடுத்த ஆண்டுக்குத் தொடர்ந்தது. நிலக்கிழாரை நம்பி வாழ்ந்தவர், அவருக்கு எதிராக வாக்களித்தால் வீட்டையும் வேலையையும் இழக்க நேர்ந்தது. இவ்வாறு பொருளியல் சார்புநிலை அரசியல் உரிமையையும் வலுவிழக்கச் செய்தது.

வன்முறையும் நீதிமன்றங்களும்

டென்னசியின் புலாசுக்கி நகரில் தோன்றிய கூ கிளக்சு கிளான் முதலிய இரகசியக் குழுக்கள், கறுப்பின வாக்காளர்களையும் ஆசிரியர்களையும் குடியரசுக் கட்சியினரையும் தாக்கின. இதனைத் தடுக்கக் காங்கிரசு 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அமலாக்கச் சட்டங்களை இயற்றியது. குடியரசுத் தலைவர் யுலிசீசு கிராண்ட் 1871 இல் தென் கரோலினாவின் 9 கவுண்டிகளில் ஆட்கொணர்வு உரிமையை இடைநிறுத்திப் படையை அனுப்பினார். நூற்றுக்கணக்கானோர் கைதாகினர், கிளான் பெரும்பாலும் ஒடுங்கியது. நடுவண் அரசு உறுதியுடன் செயற்பட்டால் வன்முறையை அடக்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

ஆயினும் இவ்வுறுதி நீடிக்கவில்லை. 1873 ஏப்ரல் 13 அன்று லூசியானாவின் கோல்பாக்சு ஊரில், தேர்தல் தகராற்றை அடுத்து நீதிமன்றக் கட்டடத்தைக் காத்துநின்ற கறுப்பினத்தவரை ஆயுதமேந்திய வெள்ளையர் தாக்கினர். கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 60 முதல் 150 வரை என மதிப்பிடப்படுகிறது. பலர் சரணடைந்த பின்னர் கொல்லப்பட்டனர். மூவர் மட்டுமே குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். 1876 இல் உச்ச நீதிமன்றம் அம்மூவருக்கு எதிரான தீர்ப்பையும் செல்லாததாக்கியது. 14 ஆவது திருத்தம் மாநிலங்களையே கட்டுப்படுத்தும், தனியாட்களை அன்று என்பது அதன் விளக்கம். தனியாட்களின் வன்முறையைத் தண்டிக்க வேண்டிய மாநிலங்களோ அதனைச் செய்யவில்லை.

முடிவு (1877)

1873 இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியும் ஊழல் புகார்களும் வடபகுதியின் ஆர்வத்தைக் குறைத்தன. 1876 குடியரசுத் தலைவர் தேர்தலில் புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களின் முடிவுகள் பிணக்குக்கு உள்ளாயின. காங்கிரசு அமைத்த 15 பேர் கொண்ட ஆணையம் 8 இற்கு 7 என்ற கணக்கில் குடியரசுக் கட்சியின் ரதர்போர்டு எய்சுக்குச் சார்பாக முடிவெடுத்தது. அவர் 185 இற்கு 184 என்ற தேர்வாளர் வாக்குகளால் வென்றார். 1877 ஏப்ரலில், தென் கரோலினா, லூசியானா மாநில அரசு மாளிகைகளைக் காத்துநின்ற நடுவண் படையினர் தம் முகாம்களுக்குத் திரும்ப ஆணையிடப்பட்டது. எஞ்சியிருந்த குடியரசுக் கட்சி அரசுகள் வீழ்ந்தன.

பின்விளைவுகள்

1890 இல் மிசிசிப்பி தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு ஆகியவற்றை வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கியது. பிற தென் மாநிலங்கள் இதனைப் பின்பற்றின. இந்நிபந்தனைகளின் சொற்களில் இனம் குறிப்பிடப்படவில்லை. லூசியானாவில் 1896 இல் 1,30,000 இற்கும் மேலாக இருந்த பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1904 இல் ஏறத்தாழ 1,300 ஆகக் குறைந்தனர். 1901 மார்ச்சு முதல் 1929 வரை காங்கிரசில் கறுப்பின உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. 1896 இல் உச்ச நீதிமன்றம் "பிரிவினும் சமம்" என்னும் கொள்கையை ஏற்று, பொது இடங்களில் இனப் பிரிப்பை அனுமதித்தது.

எனினும் மூன்று திருத்தங்களும் நீக்கப்படவில்லை. 1954 இல் பள்ளிகளில் இனப் பிரிப்புச் செல்லாது எனத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் 14 ஆவது திருத்தத்தையே அடிப்படையாகக் கொண்டது. 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் 15 ஆவது திருத்தத்தை நடைமுறைப்படுத்த இயற்றப்பட்டது. அச்சட்டத்தில், தேர்தல் விதிகளை மாற்ற முன்அனுமதி பெற வேண்டிய மாநிலங்களை வரையறுத்த பிரிவை 2013 இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

வரலாற்று மதிப்பீடு

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவரது மாணவர்களும் இக்காலத்தை ஊழலும் சீர்கேடும் நிறைந்ததாகவும், கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை அளித்ததைப் பிழையாகவும் சித்தரித்தனர். 1935 இல் டபிள்யூ. ஈ. பி. டு பாய்சு எழுதிய நூல், இதனை மறுத்து, விடுதலை பெற்ற மக்களின் பங்களிப்பை முன்வைத்தது. 1960களுக்குப் பின்னரே அவரது பார்வை பரவலான ஏற்பைப் பெற்றது. 1988 இல் எரிக் ஃபோனர் வெளியிட்ட நூல் இக்காலத்தை நிறைவுறாத புரட்சி எனக் குறிப்பிட்டது. கோல்பாக்சு படுகொலையைத் தென்பகுதித் தவறாட்சியின் முடிவு எனப் போற்றி 1950 இல் அவ்வூரில் நடப்பட்ட மாநில அரசின் அறிவிப்புப் பலகை, 2021 இல் அகற்றப்பட்டது.