வாய்ப்புற்றும் உயிர்ச்சத்துக்களும்

இறைவன் நமக்கு அளித்த உறுப்புகளுள் வாய்க்குத் தனிச் சிறப்பு உண்டு. உண்ணவும் உரையாடவும் செபிக்கவும் அதுவே கருவி. அந்த வாயில் தோன்றும் புற்றுநோய் நம் நாட்டில் மிகுதியாக உள்ளது. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் புதிதாக இந்நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இந்தியரே. காய்கனிகளில் உள்ள உயிர்ச்சத்துக்கள் இதைத் தடுக்கும் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது எந்த அளவுக்கு உண்மை என்பதை இங்கே காண்போம்.

நோயின் வேர்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வயல்வேலைக்குச் செல்லும் பெரியவர்கள் பலரின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருக்கும். அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டுப் புகையிலை. களைப்புக்கும் பசிக்கும் அதுவே மருந்து என்பது அவர்கள் எண்ணம். புகையிலை மட்டுமே தீங்கு என்று நாம் நினைக்கலாம். ஆனால் பாக்கும், புகையிலை சேராத தாம்பூலமும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவையே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. பீடி, சுருட்டு, மது ஆகியவையும் இந்நோய்க்குக் காரணங்களே.

பாக்கும் சுண்ணாம்பும் சேரும்போது, நிலைகொள்ளாத ஆக்சிஜன் கூறுகள் வாயில் உண்டாகின்றன. இவை அருகிலுள்ள எதையும் தாக்கும் இயல்புடையவை. நாட்பட்ட கடலை எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பது ஆக்சிஜனின் வேலை. அதுபோன்ற கேடுதான் வாயின் உயிரணுக்களைச் சூழ்ந்த கொழுப்புச் சுவரிலும் நிகழ்கிறது. அணுவின் உட்கருவும் பழுதுபட்டால், காலப்போக்கில் அது கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கலாம். அதுவே புற்று.

காவலர் மூவர்

இத்தாக்குதலைத் தடுக்க உடலில் காவலர்கள் உண்டு. வைட்டமின் ஈ கொழுப்புச் சுவரைக் காக்கிறது. வைட்டமின் சி நீர்ப்பகுதியில் நின்று காக்கிறது. களைத்துப்போன வைட்டமின் ஈயை மீண்டும் செயல்படச் செய்வதும் அதுவே. கீரையிலும் மஞ்சள் நிறக் கனிகளிலும் உள்ள பீட்டா கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறி வாயின் உட்தோலை நலமாக வைக்கிறது.

நம் மாவட்டங்களுக்கு அருகே, சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாய்ப்புற்று நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நலமாக இருப்பவர்களைவிட நோயாளிகளின் இரத்தத்தில் கொழுப்புச் சிதைவு கூடியும், காக்கும் சத்துக்கள் குறைந்தும் இருந்தன.

அப்படியானால் சத்துக்குறைவால் நோய் வந்ததா, நோயால் சத்துக் குறைந்ததா? இரண்டுக்கும் இடமுண்டு. புகையிலை காவலர்களைச் செலவழித்துவிடுகிறது. வாய் புண்ணானவரால் காய்கனிகளைச் சரிவர உண்ணவும் முடிவதில்லை. ஆகவே சத்துக் குறைந்திருப்பதை மட்டும் வைத்து, அதுவே காரணம் என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

மாத்திரை போதுமா?

கேரளத்தில், வாயில் வெண்படலம் கண்ட புகையிலைப் பழக்கத்தினருக்கு ஓராண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தனர். 1997இல் வெளியான அதன் முடிவுப்படி, வைட்டமின் ஏ பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் படலம் மறைந்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களிலோ பத்தில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தியதும், குணமடைந்தவர்களில் பாதிக்குக் குறையாதவர்களுக்குப் படலம் மீண்டும் வந்துவிட்டது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்குகொண்ட ஆய்வு 1994இல் வேறொரு பாடம் புகட்டியது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்று குறையவில்லை. 18 விழுக்காடு கூடியே இருந்தது! எனவே, புகையிலையை விடாமல் மாத்திரையை நம்புவது, கூரையில் தீயை வைத்துவிட்டுக் குடத்தில் நீர் வைத்திருக்கிறேன் என்பது போன்றது.

நம் ஊரில் இல்லாததா?

காய்கனிகளை நாள்தோறும் உண்பவர்களிடம் வாய்ப்புற்று குறைவாகக் காணப்படுகிறது என்பதும் உண்மையே. அதற்குப் பெரும் செலவு வேண்டாம். கொல்லை முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் பப்பாளியும் பீட்டா கரோட்டின் தருபவை. 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. வேர்க்கடலை வைட்டமின் ஈ தரும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். ஆரஞ்சைவிடப் பன்மடங்கு வைட்டமின் சி உள்ள கனி அது!

நாம் செய்ய வேண்டியது

தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவேதான் ஏமாந்துபோகிறோம். வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதும் திறக்க முடியாமை — இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். திருவனந்தபுரம் பகுதியில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பார்த்துச் சோதித்தனர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை, மதுப் பழக்கம் உடையோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெறும் கண்ணும் நல்ல வெளிச்சமும் செய்த வேலை இது.

அன்புத் தோழியரே! தாத்தாவையும் அப்பாயியையும் திண்ணை வெளிச்சத்தில் உட்காரவைத்து, அன்போடு அவர்கள் வாயைத் திறந்து காட்டச் சொல்வோம். சுருக்குப்பையைப் பிடுங்கினால் கோபம்தான் வரும்; அதில் ஒரு நெல்லிக்காயைப் போட்டுவைத்து, புகையிலையைக் கைவிடும்படி நாள்தோறும் கெஞ்சிக் கேட்போம். பேத்தியின் சொல்லைத் தட்டாத பெரியவர்கள் நம் ஊரில் அநேகர். நாமும் பாக்குப் பொட்டலத்தைத் தொடாமல் வளர்வோம், உடல்நலம் காப்போம்!